வெள்ளம் வடிந்த பிறகு கிணறுதான் பெரிய வேலை

2018 ஆகஸ்டில் மலம்புழா அணையின் ஷட்டர்களைத் திறந்தபோது கல்பாத்திப் புழை பெருகி, பாலக்காட்டில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். அம்மா வாசற்படியைத் தாண்டவே இல்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை மெயின் சுவிட்சைத் தொடவில்லை. சேற்றை ஈரத்தோடு வழித்துவிட வேண்டும். ஹாலை முடித்துவிட்டு பூஜையறையை நாளைக்கென்று விட்டோம். அது காய்ந்து இறுகி, கொட்டாங்கச்சியால் சுரண்ட வேண்டியதாயிற்று. சேற்றில் இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள். தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிணற்றில்தான் நான் தப்புச் செய்தேன். பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டினேன். பாதி கட்டியாக மிதந்தது. அப்புறம் சுகாதார ஊழியர் சொல்லிக்கொடுத்தார்: கலங்கல் நீரை இறைத்துவிட்டு, 1,000 லிட்டருக்கு 5 கிராம் கணக்கு. எங்கள் கிணறு ஒன்றரை மீட்டர் அகலம், நாலு மீட்டர் தண்ணீர், ஏறக்குறைய 7,000 லிட்டர். ஆக 35 கிராம். அதை வாளியில் குழைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, சுண்ணாம்பு மண்டியை ஒதுக்கி, மேல்நீரை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து இறைக்கலாம். குடிக்க மட்டும் கொதிக்கவைத்தோம்.

வீட்டுப் பத்திரத்தை வெயிலில் போடாமல், தாள்களுக்கிடையே பழைய பேப்பர் வைத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்தினோம். தாத்தாவின் கையெழுத்து கொஞ்சம் ஊறியிருக்கிறது, படிக்க முடிகிறது.