ரிப்போர்ட் நார்மல், தொண்டை நார்மல் இல்லை: தைராய்டுக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் மெடிக்கல் ஷாப்புக்குப் போன வாரம் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். காசிமேட்டுக்காரி. கையில் மடித்து மடித்து ஓரம் கிழிந்த லேப் ரிப்போர்ட். "தைராய்டு நார்மல்னு சொல்லிட்டாங்கக்கா. ஆனா தொண்டையில எதோ மாட்டிக்கினே இருக்குது. இருமல் மருந்து ஒண்ணு குடு."

சில வருஷங்களுக்கு முன்னால் இதே கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, இதே நம்பிக்கையில் நானும் இருமல் மருந்து குடித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். வெறும் வயிற்றில் மாத்திரை போடணும், காபியோடு போடக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

ரத்த ரிப்போர்ட்டை வைத்துத் தொண்டைக்குத் தீர்ப்பு சொல்வது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

தைராய்டு ரிப்போர்ட்டில் வரும் டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. ஹார்மோன் போதுமா, போதாதா என்பதற்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். கரண்ட் மீட்டர் எத்தனை யூனிட் ஓடியது என்று காட்டும். சுவரில் விரிசல் விட்டிருப்பதைக் காட்டுமா? சுரப்பி பெருத்து, மூச்சுக்குழாயை ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தாலும் டி.எஸ்.எச். நார்மல் அளவான 0.4-க்கும் 4-க்கும் நடுவிலேயே இருக்கலாம்.

எனக்கு அப்படித்தான் இருந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை ரத்தம் கொடுப்பேன். நார்மல் என்று வந்ததும் ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். பார்த்த டாக்டரும் பேப்பரைப் பார்த்தாரே தவிர, ஒரு நாளும் கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. கழுத்தோடு ஒட்டிக் கிடக்கும் கருகமணியின் கொக்கியை ஒரு கண்ணி தள்ளி மாட்ட வேண்டிவந்தது. உடம்பு போட்டுவிட்டது என்று நினைத்தேன். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது, தலையணையை இரண்டாக்கினேன். மொட்டை மாடியில் கையைத் தூக்கித் துணி காயப்போட்டால் முகம் விண்ணென்று கனத்தது. வெயில் என்று நினைத்தேன். இப்படியே இரண்டு வருஷம் போனது.

கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர், இரண்டு கைகளையும் காதோடு ஒட்டித் தூக்கி ஒரு நிமிஷம் அப்படியே இருக்கச் சொன்னார். நிமிஷம் முடிவதற்குள் முகம் ரத்தம் ஏறிச் சிவந்து, மூச்சுத் திணறிவிட்டது. சுரப்பி வளர்ந்து நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கியிருந்தது. கையைத் தூக்கும்போதெல்லாம் அது அந்த இடுக்கை அடைத்து ரத்தக்குழாயை நெரித்திருக்கிறது. எலும்புக்குப் பின்னால் இருப்பது சாதாரண கழுத்து ஸ்கேனில் சரியாகத் தெரியாது என்று சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள்.

சுரப்பி முழுவதையும் எடுக்க வேண்டியதாயிற்று. புற்று இல்லை. ஆனால் குரல் நரம்பு தைராய்டை ஒட்டியேதான் போகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் எனக்குக் குரல் வெறும் காற்றாக வந்தது. தெருமுனையில் விளையாடும் மகளைக் கூப்பிடக்கூட முடியவில்லை. இன்றைக்கும் சாயங்காலக் கூட்டத்தில் நாலு பேருக்குப் பதில் சொன்னால் கம்மிப்போகிறது. கட்டி சின்னதாக இருக்கும்போதே ஒருவர் கழுத்தைத் தொட்டிருந்தால் போதும்.

அந்தக் காசிமேட்டுப் பெண்ணுக்கு இருமல் மருந்து கொடுக்கவில்லை. கடையில் இருந்த கைக்கண்ணாடியையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் கொடுத்தேன். முகவாயைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் விழுங்கியபடி குரல்வளைக்குக் கீழே பார்க்கச் சொன்னேன். தைராய்டில் வீக்கம் இருந்தால் விழுங்கும்போது அதுவும் கூடவே ஏறி இறங்கும். அவளுக்கு வலது பக்கம் ஏறியது, நெல்லிக்காய் அளவுக்கு. கண் கலங்கிவிட்டாள். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று இல்லை, ஆனால் பார்க்காமல் விடக் கூடாது என்று சொல்லி, மறுநாள் காலையிலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய், கழுத்து ஸ்கேன் வேணும்னு கேள் என்று அனுப்பினேன். கண்ணாடியில் ஒன்றும் தெரியாவிட்டாலும், குரல் 3 வாரத்துக்கு மேல் கம்மியிருந்தாலோ, சாதம் இறங்கச் சிரமப்பட்டாலோ, படுத்தால் மூச்சு அடைத்தாலோ ரிப்போர்ட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

எல்லாவற்றுக்கும் தைராய்டையே காரணம் சொல்வது

சோறும் தண்ணீரும் சரளமாக இறங்குகிறது, வெறும் எச்சிலை விழுங்கினால் மட்டும் உருண்டை நிற்கிறது என்றால், வயிற்று அமிலம் மேலே ஏறுவதாகவும் இருக்கலாம். ராத்திரி பத்தரைக்கு பர்மா கடையில் அத்தோவும் பேஜோவும் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிக்குப் பின்னாலேயே வண்டி ஓட்டுகிறவர்களின் தொண்டைக்குப் புழுதியும் ஒரு காரணம். இதற்காகத் தைராய்டு மாத்திரையை நீங்களாகக் கூட்டிப் போட்டால் தொண்டை சரியாகாது. நெஞ்சு படபடப்புதான் வரும்.

சுளுக்கு என்று கழுத்தை உருவிவிடுவது

வேண்டவே வேண்டாம்.

அயோடின் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடுவது

அயோடின் உப்பும் கடல் மீனும் தின்கிற ஊர் இது. கட்டி இருக்கும் சிலருக்கு அதற்கு மேலும் அயோடின் சேர்ந்தால் ஹார்மோன் எகிறிவிடும்.

கார்பிமசோல் போட்டுக்கொண்டே தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் கேட்பது

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை இது. அபூர்வமாக, பெரும்பாலும் முதல் 3 மாதத்துக்குள், ரத்தத்தில் வெள்ளையணுக்களை ஒரேயடியாகக் குறைத்துவிடும். அதன் முதல் அடையாளமே தொண்டை வலியும் காய்ச்சலும்தான். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும், டாக்டரையும் பார்க்க வேண்டும். ராத்திரி என்றால் காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. தொண்டை வலி என்று யார் வந்து நின்றாலும், "வேற என்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்காமல் நான் ஒன்றையும் எடுத்துக் கொடுப்பதில்லை.