மழை 0 வேறு, பதிவே இல்லாதது வேறு

ஜாவாஸ்கிரிப்ட்டில் அடுக்கடுக்கான ஆப்ஜெக்ட்டிலிருந்து மதிப்பை எடுக்கும்போது புள்ளிக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போடுங்கள்:

குன்னூர்?.வானிலை?.மழை ?? "பதிவு இல்லை"

இடப்பக்கம் நல் (null) அல்லது அன்டிஃபைன்ட் (undefined), அதாவது மதிப்பே இல்லை என்றால் ?. அங்கேயே நின்று அன்டிஃபைன்டைத் தரும், புரோகிராம் விழாது. அப்போது ?? தன் வலப்பக்கத்து மாற்று மதிப்பைக் கொடுக்கும். இரண்டும் ஜாவாஸ்கிரிப்ட்டின் 2020 பதிப்பில் வந்தவை, இஃப் வரிசை தேவையில்லை. கடைசியில் ??-க்குப் பதிலாக || போடாதீர்கள், பலர் சறுக்குவது இங்கேதான். ஜனவரியில் குன்னூர் மழைமானி 0 காட்டினால் அது உண்மையான அளவு. || 0-ஐயும் இல்லாததாக எடுத்து "பதிவு இல்லை" ஆக்கிவிடும், ?? அதைத் தொடாது.

சரி, ?. எங்கே உதவாது? சமக்குறிக்கு இடப்பக்கம் எழுத முடியாது. முதல் பெயரே அறிவிக்கப்படாத மாறி என்றால் பிழை வரத்தான் செய்யும். அப்புறம், கட்டாயம் இருக்க வேண்டிய தரவில் இதைப் போடவே கூடாது. கோத்தகிரி சிறு விவசாயியின் பசுந்தேயிலைக் கணக்கில் ரசீது?.எடை ?? 0 என்று எழுதினால், எடை விடுபட்ட நாளில் அவருக்கு 0 ரூபாய் என்று சத்தமில்லாமல் பதிவாகும். அங்கே புரோகிராம் பிழை காட்டி நிற்கட்டும்.