குளியல் தொட்டியில் காய்ந்த டைல் பசை: புதிதாகக் குடியேறுபவர்கள் கை வைப்பதற்கு முன்

வாடகை வீட்டின் சாவியை வாங்கும் நாளில் செய்ய வேண்டியவற்றை உங்களுக்கு முன்னே வந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். ஒப்பந்தத்தை முழுவதும் படியுங்கள், முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள், வீட்டில் ஏற்கனவே இருக்கும் குறைகளை எழுத்தில் பதிவு செய்யுங்கள், படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். குளியல் தொட்டியின் உட்புறத்தையும் விளிம்பையும் மிக அருகிலிருந்து படம் எடுங்கள் என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் முன்பணத்தின் பெரும்பகுதி அந்தத் தொட்டியில்தான் போயிற்று.

நாங்கள் குடியேறிய வீட்டில் சுவருக்கு டைல் ஒட்டியவர் தொட்டியை மூடாமலே வேலை செய்திருந்தார். விளிம்பில் சாம்பல் நிறக் கட்டிகளும், உட்புறத்தில் துடைத்தும் துடைக்காமலும் விட்ட பசையின் மெல்லிய படலமும் இறுகிக் கிடந்தன. என் தந்தை கொத்தனார். எந்த வேலையை முடித்தாலும் ஈரம் காய்வதற்குள் சாக்குத் துணியால் ஒரு புள்ளிகூட விடாமல் துடைத்துவிட்டுத்தான் கை கழுவுவார். அவருடைய மகள் வாழும் வீட்டில் இப்படியொரு வேலை கண்ணெதிரே இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. உரிமையாளரிடம் கேட்காமல் நானே இறங்கினேன். கட்டிகள் மரக்கரண்டிக் காம்பால் நெம்பியதும் பெயர்ந்து வந்தன. படலம் வரவில்லை. நெயில் பாலிஷ் ரிமூவரில் துணியை நனைத்துத் தேய்த்தேன். சில விநாடிகளில் துணி பிசுபிசுவென்று ஒட்டத் தொடங்கியது, துணியை எடுத்தபோது உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்புப் போய் வெண்மையாக மங்கியிருந்தது. நான் தேய்த்தெடுத்தது பசையை அன்று, தொட்டியையே.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியதுதான் தவறு. வெள்ளையாக மின்னியதால் பீங்கான் என்று நினைத்தேன். அது அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். நெயில் பாலிஷ் ரிமூவர் பலவற்றில் இருக்கும் அசிட்டோன் அக்ரிலிக்கைக் கரைக்கும். பெயின்ட் தின்னரும் பெயின்ட் உரிக்கும் திரவங்களும் அதே நாசத்தைச் செய்யும். வீட்டைக் காலி செய்தபோது தொட்டியை மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டார்கள். பசை முன்பே இருந்தது என்பதற்குப் படம் இருந்தது, ஆனால் மங்கலை உண்டாக்கியது நான் என்பதால் வாதாட வழியில்லாமல் போயிற்று. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆகவே இந்த ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எதையும் தடவுவதற்கு முன் தொட்டி எதனால் ஆனது என்று கண்டுபிடியுங்கள். தொட்டியின் உட்சுவரில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அக்ரிலிக், ஃபைபர்கிளாஸ் போன்ற பிளாஸ்டிக் வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். விரலால் தட்டினால் மந்தமான ஒலி வரும், தொட்டால் குளிர்ச்சி குறைவாக இருக்கும், பக்கச்சுவரை அழுத்தினால் சற்று நெகிழக்கூடும். ஒட்டினால், எஃகின் மீதோ வார்ப்பிரும்பின் மீதோ கண்ணாடி போன்ற எனாமல் பூச்சைச் சூளையில் சுட்டு ஏற்றிய தொட்டியாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் பழைய இரும்புத் தொட்டியின் மீது புதிதாகப் பெயின்ட் பூசிப் பளபளப்பாக்கி வாடகைக்கு விடுவதும் உண்டு. அங்கே காந்தம் ஒட்டும், ஆனால் மேற்பரப்பு வெறும் பூச்சு. வடிகால் துளையைச் சுற்றிப் பெயின்ட் உரிந்திருக்கிறதா, உலோக வளையத்தின் மீது வெள்ளைப் பூச்சு வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அதையும் அக்ரிலிக்கைப் போலவே மென்மையாகக் கையாள வேண்டும்.

அடுத்தது பசை. டப்பாவில் குழைத்த நிலையிலேயே வரும் பசை நீர் ஆவியாவதால் காய்வது, ஆகவே ஈரம் பட்டால் ஓரளவு மீண்டும் இளகும். தூளாக வந்து நீரில் கலக்கப்படுவது சிமென்ட் பசை. அது காய்வதன்று, நீரோடு வினைபுரிந்து இறுகுவது, அதனால் எத்தனை மணி நேரம் ஊறினாலும் பழைய கூழாக மாறாது. கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் சில துளிகள் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் கலந்து, துணியை நனைத்துப் பசையின் மீது போட்டு, காயாமலிருக்க மேலே பிளாஸ்டிக் உறையால் மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறதென்றால் அது முதல் வகை, பொறுமையாக நனைத்து நனைத்து வழித்தாலே போதும். விழவில்லை என்றால் ஈரத்துணியை இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். சிமென்டில் கலந்திருக்கும் பாலிமர் ஈரத்தில் சற்றுத் தளரும், பிடிப்பும் குறையும்.

சுரண்டுவதற்கு முன் வடிகால் துளையைத் துணியாலும் டேப்பாலும் அடைத்துவிடுங்கள். உள்ளே போகும் துகள்கள் அடியிலுள்ள வளைவில் படிந்து குழாயை அடைத்துவிடும். பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரோ பழைய பிளாஸ்டிக் அட்டையோ போதும். அதைப் பரப்போடு ஏறக்குறையப் படுக்கையாக வைத்து, கட்டியின் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தள்ளுங்கள். வழுவழுப்பான பரப்பைச் சிமென்ட் அவ்வளவாகக் கவ்வுவதில்லை என்பதால் ஓரம் சற்றே எழும்பினால் கட்டி முழுதாகவே பெயர்ந்து வரும். சுத்தியலும் உளியும் வேண்டாம். எனாமல் கண்ணாடியைப் போலத் தெறிக்கும், தெறித்த இடத்தில் எஃகு துருப்பிடிக்கும்.

இந்த வேலையில் பலரும் கவனிக்காத கெடுதல் மணல். சிமென்ட் பசையில் நுண்மணல் கலந்திருக்கிறது. உடைந்த துகள்களோடு துணியை இழுத்துத் தேய்த்தால் உப்புத்தாளால் தேய்த்ததற்குச் சமம். ஒவ்வொரு முறை சுரண்டியதும் துகள்களை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, துணியை வாளியில் அலசிய பிறகே அடுத்த இடத்துக்குச் செல்லுங்கள். அந்த வாளி நீரையும் வடிகாலில் ஊற்றாதீர்கள். உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு. கையுறை அணிவதையும் மறக்காதீர்கள்.

எஞ்சும் படலத்துக்கு அக்ரிலிக்கில் வினிகரும் நீரும் சம அளவில் கலந்து நனைத்த துணியை, முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகு, 5 முதல் 10 நிமிடம் வைத்து மென்மையாகத் துடைத்து நிறைய நீரால் கழுவலாம், தேவைப்பட்டால் மறுபடியும் செய்யலாம். எனாமலில் வினிகரைக்கூட நான் விரும்பமாட்டேன். அமிலத்தைத் தாங்காத பழைய எனாமல் மங்கிவிடும், மங்கினால் மீண்டும் மெருகேறாது. அங்கே சோப்பு நீரில் நன்றாக நனைத்து, புதிய சவரப் பிளேடைப் படுக்கையாகப் பிடித்து மெல்ல வழிக்கலாம். அந்தப் பிளேடு அக்ரிலிக் பக்கமோ பெயின்ட் பூசிய தொட்டியின் பக்கமோ வரவே கூடாது.

ஊரில் டைல் வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், ஆகவே அந்த எண்ணம் உங்களுக்கும் வரும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் எனாமலை அரிக்கும், குழாய்களின் குரோம் பூச்சைக் கெடுக்கும். மூடிய குளியலறையில் அதன் புகை தொண்டையைப் பிடிக்கும். பிளீச்சோடு அது கலந்தால் குளோரின் வாயு உண்டாகி உயிருக்கே ஆபத்தாகும். ஹீட் கன்னும் வேண்டாம், அக்ரிலிக் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும், அந்தக் கருவியின் காற்றோ அதைவிடப் பல மடங்கு சூடு.

ஏற்கனவே கீறல் விழுந்துவிட்டதா? அக்ரிலிக் என்றால் நம்பிக்கை உண்டு. அதன் நிறம் தகடு முழுவதும் ஊடுருவியிருப்பதால், மெல்லிய கீறலை 800, 1200, 2000 என்று படிப்படியாக நுண்மையாகும் உப்புத்தாளால் நீரில் நனைத்துத் தேய்த்து, கடைசியில் பாலிஷ் போட்டு மறைக்கலாம். அசிட்டோன் பட்ட இடத்திலும் இதையே செய்து பார்த்தேன். மேற்பரப்பு மங்கல் பாதி குறைந்தது, ஆனால் உள்ளே மயிரிழை வெடிப்புகள் ஓடிவிட்டிருந்ததால் முழுமையாகப் போகவில்லை. எனாமலை மட்டும் உப்புத்தாளால் தொடாதீர்கள்.

குடியேறும் நாளிலேயே பசையைக் கண்டால் இவற்றில் எதையும் தொடங்குவதற்கு முன் படத்தோடு உரிமையாளருக்கு எழுதுங்கள். சுத்தம் செய்து தருவது பெரும்பாலும் அவர் பொறுப்பாகவே இருக்கும். நீங்களே செய்வதென்றால் எந்தப் பொருளால், எந்த முறையில் செய்யப்போகிறீர்கள் என்று குறிப்பிட்டு, அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே துணியை நனையுங்கள்.