காரைக்குடிப் பக்கம் காலேஜ் சேர்ந்தாச்சா? முதல் வருடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூவில் 600க்கு 480 எடுத்த பிள்ளை, முதல் செமஸ்டர் ரிசல்ட்டில் இரண்டு பேப்பர் அரியர் என்று பார்த்துவிட்டு முழிப்பது எங்கள் பக்கம் எந்தத் துறைக்குப் போனாலும் காணக் கிடைப்பதுதான். ஆறு மாதத்தில் அறிவு எங்கேயும் ஓடிவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் டெஸ்ட், மார்க் குறைந்தால் வீட்டுக்குப் போன் என்று யாராவது துரத்திக்கொண்டே இருந்தார்கள். கல்லூரியில் துரத்த ஆளில்லை. வாய்விட்டுக் கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள். இது புரிவதற்குள் பலருக்கு முதல் வருடம் ஓடிவிடுகிறது. வருடா வருடம் திரும்பத் திரும்ப நான் பார்க்கிற தவறுகளை இங்கே சொல்கிறேன்.

"75 சதவீதம்தானே, பார்த்துக்கலாம்"

ஒரு செமஸ்டருக்குச் சுமார் 90 வேலை நாள். அதில் 75 சதவீதம் வருகை வேண்டும் என்றால் 22 நாள் லீவு போடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். கேட்க நிறைய மாதிரிதான் இருக்கும். செட்டிநாட்டுப் பக்கத்துப் பிள்ளைக்கு அது எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். பங்காளி வீட்டுக் கல்யாணம் என்றால் மூன்று நாள் போய்விடும். ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு இரண்டு நாள். பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு. மாசி பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு வீட்டில் யாராவது பால்குடம் எடுப்பார்கள். நடுவில் ஒரு காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுக்க வைத்தால் முடிந்தது கதை.

இதற்கு மேல் பஸ் என்று ஒன்று இருக்கிறது. திருப்பத்தூர், தேவகோட்டை, புதுவயல் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் முதல் பீரியட் போச்சு. பல கல்லூரிகளில் முதல் மணி நேரம் இல்லையென்றால் காலை அரை நாளே ஆப்சென்ட். இப்படிப் போன அரை நாட்களை மாணவர் லீவுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கல்லூரி சேர்த்துக்கொள்ளும்.

75க்குக் கீழே போனால் அபராதம் கட்டி, மருத்துவச் சான்று வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று சீனியர்கள் தைரியம் சொல்வார்கள். அதற்கும் ஒரு அடிக்கோடு உண்டு. பல இடங்களில் அது 65. அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத விட மாட்டார்கள், அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டி வரலாம். உங்கள் கல்லூரியின் விதியைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் மாட்டியிருக்கும் நாள்காட்டியில் வராத நாளை, அரை நாளை அன்றைக்கே வட்டமிட்டு வையுங்கள். விசேஷத்துக்குப் போவதென்றால் முன்கூட்டியே லீவு லெட்டர் கொடுங்கள். என்எஸ்எஸ், என்சிசி, விளையாட்டு என்று போகிறவர்கள் ஓடி (ஆன் டூட்டி) கையெழுத்தைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கலாம் என்று விட்டால் கையெழுத்துப் போட வேண்டியவர் அன்றைக்கு லீவில் இருப்பார், நான் பார்த்தவரை இது தவறியதே இல்லை.

சிலபஸைக் கண்ணால் பார்க்காமலே படிப்பது

அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகள் உட்படப் பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகளில் ஒரு பேப்பருக்கு இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. பாடத்திட்டம் ஐந்து யூனிட். இவ்வளவும் பல்கலைக்கழக இணையதளத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கிறது, எந்தப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். ஆனாலும் பிள்ளைகள் நம்புவது கல்லூரி எதிரே ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுத் தொங்கும் 'முக்கிய வினாக்கள்' கட்டைத்தான். நாலு வருடத்துக்கு முந்தைய பழைய சிலபஸுக்கு யாரோ எழுதியதாகக்கூட அது இருக்கலாம். கடைக்காரருக்கு அது தெரியாது, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

75 மார்க் தாளில் பரவலாகக் காணும் அமைப்பு இது: இரண்டு மார்க் கேள்வி பத்து, ஐந்து மார்க் ஐந்து, பத்து மார்க் மூன்று. இரண்டு மார்க் பகுதியில் மட்டும் 20 கிடக்கிறது. ஐந்து யூனிட்டையும் ஒரு தடவையாவது தொட்டவருக்குத்தான் அது வரும். மூன்று யூனிட்டை மட்டும் உருப்போட்டுவிட்டுப் போகிறவர் அங்கேயே எட்டு மார்க் வரை விடுகிறார். இன்டர்னல் 25ம் அப்படித்தான். காலேஜ் திறந்த சில வாரங்களிலேயே முதல் டெஸ்ட் வந்துவிடும், அது சும்மா ஒத்திகை என்று நினைத்துக் கோட்டைவிடுகிறவர்கள் ஏராளம்.

புரியாத இங்கிலீஷை அப்படியே விழுங்குவது

எனக்கு அதிகம் வலிக்கும் இடம் இதுதான். பன்னிரண்டு வருடம் தமிழ் வழியில் படித்து நன்றாக மார்க் வாங்கிய பிள்ளை, இங்கே வந்ததும் போர்டில் இருப்பதை எழுத்து எழுத்தாக வரைந்துகொண்டு போகிறது. ராத்திரி அதை மனப்பாடம் செய்கிறது. நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தப் பதிலும் நின்றுவிடுகிறது. அப்புறம் "எனக்கு இங்கிலீஷ் வராது சார்" என்று தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறது.

முதலில் விஷயம் தமிழில் புரியட்டும். பொருளியல் முதலாண்டில் எலாஸ்டிசிட்டி ஆஃப் டிமாண்ட் என்று ஒன்று வரும். உப்பு பாக்கெட் விலை இரண்டு ரூபாய் ஏறினால் உங்கள் வீட்டில் குழம்புக்கு உப்புப் போடுவதைக் குறைப்பார்களா? மாட்டார்கள். கண்டாங்கிச் சேலை விலை ஐந்நூறு ரூபாய் ஏறினால்? "இந்த வருசம் வேண்டாம், அடுத்த தீபாவளிக்குப் பார்ப்போம்" என்று அப்பத்தா சொல்லிவிடுவார். விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதுதான் தேவை நெகிழ்ச்சி. உப்புக்கு அது குறைவு, சேலைக்கு அதிகம். இது மண்டையில் ஏறிவிட்டால் இங்கிலீஷில் நான்கு சின்ன வாக்கியம் சொந்தமாக எழுத முடியும். இலக்கணம் கொஞ்சம் தட்டினாலும் பொருள் சரியாக இருந்தால் மார்க் வரும்.

இதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே பாடத்தின் இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தமிழில் எந்தச் சொல்லுக்கு அங்கே எந்தச் சொல் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வாருங்கள். முதலாண்டுப் பாடத்தில் கணிசமான பகுதிக்கு அடித்தளம் அந்தப் புத்தகங்களில்தான் இருக்கிறது. தேர்வைத் தமிழில் எழுத உங்கள் பாடத்துக்கு அனுமதி உண்டா என்பதையும் துறையில் கேளுங்கள். உண்டு என்றால் கலைச்சொல்லை இங்கிலீஷிலும் விளக்கத்தைத் தமிழிலும் எழுதிப் பழகலாம்.

மஞ்சள் கோடு போட்டுக்கொண்டே இருப்பது

புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும், ஹைலைட்டரால் பக்கம் முழுக்க மஞ்சள் பூசுவதும் படித்த திருப்தியைத் தரும். நினைவில் நிறுத்தாது. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே தன் மீதே சோதனை செய்து எழுதிவிட்டார். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு முறை வாசித்து, அடுத்து புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம். இதில் கவனிக்க வேண்டிய வேடிக்கை, வாசித்து முடித்த ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது இரண்டு முறை வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும், ஹாலில் உட்கார்ந்ததும் காற்றாகப் போவதும் இதனால்தான்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன நகரத்தார் கடைகளில் அன்றன்றைய கணக்கை அன்றன்றே எழுதிவிடுவது வழக்கம். தொழில் பழகப் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவனுக்கு அதுதான் பாலபாடம். நாளைக்கு மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்றால் எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பாடத்துக்கும் இதையே செய்யுங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து டீ குடித்ததும், நோட்டைத் திறக்காமல் ஒரு வெள்ளைத் தாளில் இன்று ஒவ்வொரு வகுப்பிலும் என்ன நடந்தது என்று ஐந்தாறு வரி எழுதுங்கள். பிறகு நோட்டைத் திறந்து விட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். மொத்தமே அரை மணி நேரம். அதே தாளை மூன்று நாள் கழித்தும், வாரக் கடைசியிலும் மறுபடி மூடிவைத்து எழுதிப் பாருங்கள். சிவப்பு குறைந்துகொண்டே வருவது கண்ணுக்கே தெரியும். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இன்னும் வசதி. ஒரு மணி நேரப் பயணத்தில் ரீல்ஸ் பார்த்தது போக மிச்சத்தில், கண்ணை மூடி இதை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கலாம்.

அசைன்மென்ட்டைப் பக்கத்து பெஞ்சைப் பார்த்தோ, சாட்ஜிபிடியைக் கேட்டோ அப்படியே இறக்குவதைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. ஆசிரியருக்குத் தெரியும். நேற்றுவரை இரண்டு வரி திக்கித் திக்கி எழுதியவர் இன்று வழுவழு இங்கிலீஷில் எட்டுப் பக்கம் எழுதினால் யாருக்குத்தான் தெரியாது? புரியாததை விளக்கச் சொல்லி அதனிடம் கேட்பது வேறு, அது நல்ல பழக்கமே.

கேட்கக் கூச்சப்படுவது

வகுப்பு முடிந்ததும் "மேடம், புரியல" என்று மட்டும் சொன்னால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. "உப்புக்கு நெகிழ்ச்சி குறைவுன்னு சொன்னீங்க மேடம். அரிசி விலை ரொம்ப ஏறினா கோதுமைக்கு மாறுவாங்களே, அப்ப அரிசிக்குக் கொஞ்சம் கூடுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேசுவார். எதுவரை புரிந்தது, எங்கே நின்றது என்று சொல்லத் தெரிந்தால் போதும். எல்லார் முன்பும் கேட்கத் தயக்கமாக இருந்தால் ஸ்டாஃப் ரூமுக்குப் போங்கள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறுகிறவர்களுக்கு இந்தக் கூச்சம் கூடுதலாக இருக்கிறது, கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று. தெரியாததால்தானே சேர்ந்திருக்கிறீர்கள்?

நூலகமும் இந்தக் கணக்கில் சேரும். அழகப்பச் செட்டியார் 1947இல் ஒரு கலைக் கல்லூரியில் தொடங்கி, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தையே இங்கே வரவழைத்தார். 1985இல் பல்கலைக்கழகமும் வந்தது. சின்ன ஊருக்கு இவ்வளவு அமைவது அபூர்வம். மூன்று வருடம் படித்தும் லைப்ரரி கார்டில் ஒரு புத்தகம்கூட ஏறாமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும்.

கேட்காமல் விடும் பணமும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவிகளுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப்பெண், மாணவர்களுக்கு 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆதார் இணைத்த கணக்கு இல்லாமல் நின்றுபோவதே அதிகம். முதல் மாதமே வங்கிக்கு ஒரு நடை போய்விட்டு, கல்லூரியில் இதைப் பார்க்கும் ஆசிரியர் யார் என்று விசாரித்துவிடுங்கள்.

ஹாஸ்டலில் தங்கியவர்களுக்கு முதல் இரண்டு மாதம் வீட்டு ஞாபகம் வாட்டும். அது போய்விடும். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வகுப்புக்கே போகப் பிடிக்காமல் வாரக்கணக்கில் நீண்டால் அதை மறைக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். ராகிங் தொல்லை என்றால் 1800-180-5522. தமிழ்நாட்டில் 1997 முதலே அதற்கெனத் தனிச் சட்டம் இருக்கிறது, ஜாலிக்குச் செய்தோம் என்பது அங்கே எடுபடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு கேம்பஸ்ல கிடைச்சிருச்சாமே" என்று சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். இன்றைக்கு என்ன நடத்தினார்கள் என்று ஐயாவோ அப்பத்தாவோ உட்கார்ந்து கதை கேட்கட்டும். தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தால் பிள்ளைக்குத் தானாகப் படிப்பு ஏறும்.

அரியர் விழுந்த பிறகு ஒளிந்துகொள்வது

விழுந்துவிட்டது என்றால் வீட்டில் மறைப்பதும், "கடைசி செமஸ்டர்ல மொத்தமா எழுதிக்கலாம்" என்று தள்ளுவதும்தான் பெரிய தவறு. மூன்றாம் வருடத்தில் அந்த செமஸ்டர் பேப்பர்களோடு பழையதும் சேர்ந்து ஒரே மாதத்தில் பத்துத் தேர்வு வரும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் பல கம்பெனிகள் நிலுவையில் அரியர் இருந்தால் பெயரைக்கூட எடுப்பதில்லை. அடுத்த வாய்ப்பிலேயே எழுதுங்கள். அதற்கு முன்னால், மார்க் சந்தேகமாக இருந்தால் விடைத்தாள் நகலும் மறுமதிப்பீடும் கேட்கலாம். ரிசல்ட் வந்த சில நாட்களுக்கு மட்டுமே அந்த ஜன்னல் திறந்திருக்கும், கடைசித் தேதியைத் தேர்வுப் பிரிவின் நோட்டீஸ் போர்டில் அன்றைக்கே பாருங்கள். மார்க் ஏறாவிட்டாலும் நகல் வீண் போகாது. எந்தக் கேள்வியை விட்டோம், எதற்கு ஐந்துக்கு ஒன்று போட்டிருக்கிறார்கள் என்று தெரியும். அதை எடுத்துக்கொண்டு பாடம் நடத்தியவரிடம் போய், "சார், இந்தப் பதில்ல என்ன குறை?" என்று கேளுங்கள்.