நாகாவோகா வாணவேடிக்கைக்குப் பஸ்ஸில் போய்வர

ஜூலை பிறந்துவிட்டால் டோக்கியோ ஸ்டேஷன்களில் ஒரு சுவர் பாக்கியில்லாமல் ஹனாபி போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். ஹனாபி என்றால் வாணவேடிக்கை. எழுத்தைப் பிரித்தால் பூ, நெருப்பு. புதிதாக வந்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: எதற்குப் போகலாம்? டோக்கியோவிலேயே சுமிதா ஆற்றங்கரையில் ஜூலை கடைசிச் சனிக்கிழமை, எதோகாவா கரையில் ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை என்று பெரிய வேடிக்கைகள் உண்டு. நிஷி-கசாய் பக்கம் வீடு பிடித்திருந்தால் எதோகாவா உங்கள் வார்டுதான். கைக்குழந்தை இருக்கிறதா, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஒரு வருஷமாவது நீகாதா மாநிலத்து நாகாவோகாவுக்குப் போய்விட்டு வாருங்கள்.

என்ன கிழமையானாலும் அங்கே ஆகஸ்ட் 2, 3 தேதிகளில்தான் வேடிக்கை. காரணம் இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 1 இரவு பத்தரைக்கு அமெரிக்க விமானங்கள் இந்த ஊர் மேல் குண்டு போட்டன. ஊரில் முக்கால்வாசிக்கு மேல் எரிந்தது. 1,480 பேருக்கு மேல் செத்தார்கள். மறு வருஷமே அதே தேதியில் ஊரை மீட்டெடுக்கும் திருவிழா என்று ஆரம்பித்தார்கள். இன்றைய வாணவேடிக்கை அந்தத் திருவிழாவின் தொடர்ச்சி. இது தெரியாமல் போனால் முதலில் மேலே போகும் வெள்ளைப் பூக்களைப் பார்த்து ‘கலரே இல்லையே’ என்று நினைத்துவிடுவீர்கள். அவை இறந்தவர்களுக்காக விடப்படுபவை.

ஷின்கான்சென் புல்லட் ரயிலில் போனால் டோக்கியோவிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம்தான். பிறகு எதற்குப் பஸ்? திரும்பி வருவதற்கு. வேடிக்கை ஒன்பது மணி தாண்டி முடியும்போது ஆற்றங்கரைக் கூட்டம் மொத்தமும் ஒரே ஸ்டேஷனை நோக்கி நடக்கும். ரிசர்வேஷன் ஒரு மாதம் முன்னால் காலை பத்து மணிக்குத் திறந்த கையோடு, ராத்திரி வண்டிகளில் சீட் போய்விடும். ஹோட்டல் அறை கிடைத்தாலும் அந்த இரண்டு நாள் விலை நம்மைத் திருப்பி அனுப்பிவிடும். பஸ் டூரில் உங்களை ஏற்றாமல் வண்டி கிளம்பாது. அந்த நிம்மதிக்குத்தான் காசு.

டூர் நோட்டீஸில் ‘ஹிகாஎரி’ என்று போட்டிருக்கும். போன அன்றே திரும்புவது என்று அர்த்தம். நம்பாதீர்கள். காலை பத்து, பதினொன்றுக்கு ஷின்ஜுக்குவில் ஏறினால், திரும்பி அங்கே இறங்கும்போது மறுநாள் விடியற்காலை மூன்று, நான்கு ஆகிவிடும். மறுநாளுக்கும் சேர்த்து லீவு சொல்லிவிடுங்கள். வேடிக்கை இரண்டு மணி நேரம். மிச்சமெல்லாம் உட்காருவதும் நடப்பதும் காத்திருப்பதும். தயாரிப்பு முழுவதும் அந்த மிச்சத்துக்குத்தான்.

புக் செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது ‘கன்ரான்-செகி ட்சுகி’ என்ற வார்த்தை. பார்வையாளர் இருக்கை சேர்த்தி என்று பொருள். இப்போது ஷினானோ ஆற்றங்கரையில் பார்க்கும் இடம் எல்லாமே கட்டண இடம். பஸ் மட்டும் என்று மலிவாக வாங்கிவிட்டால் ஆற்றங்கரைக்குள் விடமாட்டார்கள். இருக்கையில் ‘இசு-செகி’ நாற்காலி; ‘மாசு-செகி’ என்பது தரையில் கட்டம் பிரித்து விடுவது. முட்டிவலிக்காரர்கள் கட்டத்தின் பக்கமே போகாதீர்கள்.

அடுத்து பெயர். படிவத்தில் குடும்பப்பெயர், சொந்தப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். இரண்டையும் கதகனா எழுத்தில் நிரப்ப வேண்டும். நம்மிடம் இருப்பதோ ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். அப்பா பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் போட்டுவிட்டேன். பஸ் ஏறும் இடத்தில் வழிகாட்டி அம்மா ‘சுபுராமானியான்-சாமா’ என்று மூன்று தடவை கூப்பிட்டார். யாரோ நம்மூர்க்காரர் வந்திருக்கிறார் போல என்று நானும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேன்சல் செய்தால் ஒருநாள் டூருக்குப் பொதுவான கணக்கு இது: பத்து நாள் முன்பிருந்து 20 சதவீதம், ஏழு நாளிலிருந்து 30, முந்தின நாள் 40, அன்றைக்கே என்றால் 50, சொல்லாமல் வராவிட்டால் முழுசும் போச்சு. காற்றுக்கோ வெள்ளத்துக்கோ வேடிக்கையே நின்றுபோனால் பணம் வருமா என்பதையும் நோட்டீஸின் சின்ன எழுத்தில் பார்த்துவிடுங்கள். சாதாரண மழைக்கு நிறுத்தமாட்டார்கள்.

பஸ் கான்-எட்சு நெடுஞ்சாலையில் போகும். பெரும்பாலான வண்டிகளில் கழிப்பறை இருக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சர்வீஸ் ஏரியாவில் நிறுத்துவார்கள். கால் மணி நேரம் என்றால் கால் மணி நேரம்தான். ‘சார், ஒரு காபி’ எல்லாம் நடக்காது. குன்மா மாநிலத்தைத் தாண்டும் இடத்தில் பதினோரு கிலோமீட்டர் சுரங்கம் வரும். அதுவரைக்கும் தூங்கினாலும் அங்கே எழுந்துவிடுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் வெளியே வந்தால் கொஞ்ச தூரத்தில் வயல் ஆரம்பித்துவிடும். கோஷிஹிகாரி அரிசிக்குப் பேர்போன உவோனுமா இந்தப் பக்கம்தான். கதிர் வாங்கும் பருவம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கும்பகோணம் போகும் வழி ஞாபகம் வரும்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவது உத்தமம், சைவர்களுக்குக் கட்டாயம். கடைகளில் யாகிசோபா நூடுல்ஸில் பன்றிக்கறி, தகோயாகி உருண்டையில் ஆக்டோபஸ். தைரியமாக வாங்கக்கூடியவை ஐஸைச் சீவி சிரப் ஊற்றும் கக்கிகோரி, அவித்த எடமாமே என்கிற பச்சை சோயா, சுட்ட சோளம். கான்வினி என்கிற சின்னக் கடைகளில் விற்கும் ஒனிகிரி சோற்றுருண்டையில் உமே ஊறுகாய் வகை பரவாயில்லை என்றாலும் லேபிளில் மீன் சாறு இருக்கிறதா என்று பாருங்கள். புளியோதரைதான் வெயிலைத் தாங்கும். தயிர்சாதம் என்றால் உறைய வைத்த தண்ணி பாட்டில் இரண்டைப் பக்கத்தில் வைத்துக் கட்டுங்கள்; உருகினதும் குடிக்கத் தண்ணீரும் ஆயிற்று. டப்பாவைப் பஸ்ஸுக்குள் திறக்க வேண்டாம். நமக்கு மணம், பக்கத்து சீட்டுக்கு நாலு மணி நேர தண்டனை. குப்பையை வீட்டுக்கே எடுத்து வர வேண்டும் என்பதால் கவர் இரண்டு அதிகமாக வையுங்கள். குடை வேண்டாம், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும், ரெயின்கோட் போதும். தற்காலிகக் கழிப்பறைகளில் குத்துக்கால் வகையும் கலந்திருக்கும். அந்த வரிசை சற்றுக் குட்டையாக இருந்தால் யோசிக்காமல் போய் நில்லுங்கள், நமக்கென்ன பழக்கமில்லாததா.

யுகாதா, அதாவது கோடைக்கால கிமோனோ, கட்டிக்கொண்டு வர ஆசைப்பட்டால் கட்டுங்கள், ஆனால் இடது பக்கம் மேலே வர வேண்டும். வலது மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துவது. பஸ்ஸில் இத்தனை மணி நேரம் இடுப்புப் பட்டையோடு உட்கார முடியுமா என்பதை உங்கள் முதுகைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழே கால் சுமாருக்கு ஆரம்பம். நம் தீபாவளி மாதிரி இடைவிடாத சரவெடி இல்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒலிபெருக்கியில் யார் கொடுத்தது, யாருக்காக என்று வாசிப்பார்கள். இருட்டில் கூட்டம் பேசாமல் காத்திருக்கும். முதலில் அந்த அமைதி சலிப்பாக இருக்கும், பிறகு பிடித்துப்போகும். ஃபீனிக்ஸ் என்ற வாணம் இந்தப் பக்கம் வந்த 2004 நிலநடுக்கத்துக்குப் பிறகு, 2005 முதல் விடுவது. ஆற்றோரமாக இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு எழும். ஃபோனில் அடங்காது, கீழே வைத்துவிடுங்கள். ஷோ-சன்ஷாகுதமா என்ற பெரிய வாணக் குண்டு 90 சென்டிமீட்டர் விட்டம், 300 கிலோ. 600 மீட்டர் உயரத்தில் விரியும்போது முதலில் வெளிச்சம் மட்டும் வரும். ‘அவ்வளவுதானா’ என்று வாயைத் திறப்பதற்குள் சத்தம் வந்து நெஞ்செலும்பில் இடிக்கும். குழந்தைகளுக்குக் காதடைப்பு கொண்டுபோங்கள். எல்லாம் முடிந்ததும் அக்கரையில் வெடி விட்டவர்களுக்கு நன்றியாக எல்லோரும் ஃபோன் விளக்கை ஆட்டுவார்கள். நீங்களும் ஆட்டுங்கள், அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

ஓடினாலும் பலனில்லை. பஸ் நிறுத்தம் அரை மணி நடை; கூட்டத்தில் இன்னும் கூடும். அங்கே போய் இறங்கும்போதே வண்டி எண்ணையும் ‘கோஷா’ எண்ணையும் (டூரில் எத்தனையாவது பஸ் என்பது) ஃபோட்டோ எடுங்கள். முதல் வருஷம் நான் பஸ்ஸை மட்டும் அழகாக எடுத்து வைத்திருந்தேன், வெள்ளை பஸ். திரும்பி வந்தால் இருட்டில் வெள்ளை பஸ்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நெட்வொர்க்கும் இல்லை. ஒன்றில் ஏறி என் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினேன். ஒரு பாட்டி வந்து தோளைத் தட்டாமல், குனிந்து நின்று, ‘மன்னிக்கணும், இது என் இடமாக இருக்கலாமோ’ என்கிற மாதிரி கேட்டார். அது சைதாமா போகும் வண்டி. என் பஸ் நாலு வரிசை தள்ளி விளக்கைப் போட்டுக்கொண்டு எனக்காகவே நின்றது. நாற்பது பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நிறுத்தத்தை விட்டு வெளியே வரவே ஒரு மணி, இரண்டு மணி ஆகும், அதனால் ஏறுவதற்கு முன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். ஏசி குளிருக்கு ஒரு துண்டு. விடியற்காலை ஷின்ஜுக்குவில் இறங்கினால் முதல் ரயில் நாலரை வாக்கில்தான். கையில் புளியோதரை மிச்சமிருந்தால் அப்போது பிரியுங்கள்.