பனிக்காலத்து ஆரஞ்சு மஃபின்: எங்கே தவறுகிறோம்?

மதுரையில் இருந்தவரை என் ஆரஞ்சு மஃபின் ஒருநாளும் மானத்தை வாங்கியதில்லை. ஊட்டிக்குக் குடிவந்த முதல் டிசம்பரில் வாங்கிவிட்டது. அதே அளவு, அதே டின், அதே ஓடிஜி (பேக்கிங்குக்கான மின் அடுப்பு). வெளியே எடுத்துப் பார்த்தால் பன்னிரண்டும் நடுவில் குழிந்து, யாரோ கட்டைவிரலால் அமுக்கிவிட்டது போல இருந்தன. ஆரஞ்சு வாசனையும் இல்லை. அடுத்த இரண்டு குளிர்காலமும் எங்கே தப்பு என்று தோண்டியதில் தெரிந்தவற்றைத்தான் எழுதுகிறேன். மலையில் இருப்பவர்களுக்கு மட்டுமானது ஒரே ஒரு பத்திதான். மற்றவை எல்லா ஊருக்கும் பொருந்தும்.

வாசனையிலிருந்து தொடங்கலாம். ஆரஞ்சு மணம் தூக்கலாக வேண்டும் என்றால் நாம் என்ன செய்கிறோம்? சாற்றைக் கூட்டுகிறோம். அரை கப் போதவில்லையா, முக்கால் கப். சாறு தருவது புளிப்பும் இனிப்பும் ஈரமும்தான். மணம் இருப்பது தோலில் உள்ள எண்ணெயில். பழத்தை உரிக்கும்போது கண்ணில் சுரீரென்று தெறிக்கிறதே, அது. சாறு கூடினால் மாவு நீர்த்து, மஃபினின் அடிப்பகுதி வேகாத கொழுக்கட்டை மாதிரி பிசுபிசுக்கும். 12 மஃபினுக்கு அரை கப் சாறும் இரண்டு பழத்தின் தோல் துருவலும் போதும். துருவலைச் சர்க்கரையில் போட்டு விரல் நுனியால் இரண்டு நிமிடம் கசக்குங்கள். சர்க்கரை உரசி உரசி எண்ணெய் வெளியே வரும். சர்க்கரை ஈர மணல் போல ஆகி, அடுப்படியே மணக்கத் தொடங்கும்.

துருவும்போது ஆரஞ்சு நிறம் போனதும் கையை நிறுத்திவிட வேண்டும். கீழே இருக்கும் வெள்ளை கசக்கும். இதில் கமலா ஆரஞ்சு கொஞ்சம் படுத்தும். தோல் பழத்தை விட்டு விலகித் தொளதொளவென்று இருப்பதால் துருவியில் பிடிமானம் கிடைக்காது. நாக்பூர் ஆரஞ்சும் அப்படித்தான். அந்தப் பழங்களுக்கு நான் துருவியை எடுப்பதே இல்லை. தோலை உரித்து, உள்பக்க வெள்ளையை ஸ்பூனால் வழித்துவிட்டு, பொடியாக நறுக்கிச் சர்க்கரையோடு மிக்ஸியில் இரண்டு சுற்று விடுகிறேன். ஸ்டிக்கர் ஒட்டிப் பளபளவென்று வரும் இறக்குமதிப் பழத்தில் பெரும்பாலும் மெழுகு பூசியிருப்பார்கள். அதை வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவாமல் துருவாதீர்கள்.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து கின்னோ வந்து குவியும். ஆரஞ்சு என்றே விற்பார்கள். அதன் சாறு பிழிந்தவுடன் இனிக்கும், நேரம் போகப்போகக் கசக்கும். சாற்றின் புளிப்பில் லிமோனின் என்ற கசப்புப் பொருள் மெல்ல மெல்ல உருவாவதுதான் காரணம். சாத்துக்குடிக்கும் இந்தக் குணம் உண்டு. காலையில் பிழிந்து மூடி வைத்துவிட்டுச் சாயங்காலம் மஃபினில் ஊற்றினால், கசப்புக்கு மசாலாவைத்தான் திட்டுவோம். கின்னோவைப் பொறுத்தவரை தோலை மஃபினுக்கு எடுத்துக்கொண்டு பழத்தைச் சாப்பிட்டுவிடுவது என் வழக்கம்.

அடுத்தது குளிர். ‘முட்டை, தயிர் எல்லாம் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்’ என்று செய்முறைகளில் எழுதியிருக்கும். ஜனவரியில் இங்கே விடியற்காலையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். சமையலறை மேடையில் வைத்த முட்டையைத் தொட்டால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது போல ஜில்லென்று இருக்கும். உருக்கிய வெண்ணெயை அந்த முட்டையிலும் தயிரிலும் ஊற்றினால் உடனே குருணை குருணையாக உறைந்துவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் சேராது. அடுப்பில் அந்தக் கட்டிகள் உருகி ஓட்டை விழும், அடிக்காகிதம் எண்ணெயில் ஊறும். முட்டையை உடைக்காமல் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் போட்டு வையுங்கள். தயிர்க் கிண்ணத்தையும் சாற்றையும் கூட அதே நீரில் நிறுத்தலாம். சூடான நீர் வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே கெட்டியாகிவிடும் என்பதால் அதிலும் இதே தொல்லைதான். குளிர்காலத்தில் நான் வெண்ணெயைப் பாதியாக்கி, மீதிக்குச் சூரியகாந்தி எண்ணெய் சேர்க்கிறேன். வெண்ணெய் மட்டும் போட்ட மஃபின் குளிரில் விறைத்துப்போகும், எண்ணெய் சேர்த்தது மெத்தென்றே இருக்கும்.

இப்போது என் குழிக்கு வருகிறேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். மாவுக்குள் உருவாகும் வாயுவை அமுக்கிப் பிடிக்க ஆளில்லாததால் மஃபின் சரசரவென்று எழும்பி, உள்ளே வெந்து இறுகுவதற்கு முன்பே உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடரை ஒன்றரையாக்கினேன். சர்க்கரையில் ஒரு டேபிள்ஸ்பூன் குறைத்து, பாலில் இரண்டு டேபிள்ஸ்பூன் கூட்டி, அடுப்பின் சூட்டைப் பத்து டிகிரி ஏற்றினேன். குழி போய்விட்டது.

சமவெளியில் இருந்தும் குழி விழுகிறதென்றால் ‘நல்லா உப்பட்டும்’ என்று பவுடரை அள்ளிப் போட்டிருக்கலாம். ஒரு கப் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் போதும். பேக்கிங் பவுடர் தீர்ந்துபோனால் ஆப்ப சோடாவை அதே அளவில் போடுவது இன்னொரு வினை. சோடாவின் வேகம் மூன்று மடங்குக்கும் மேல். சாற்றின் புளிப்பை அடித்துவிட்டு, நாக்கில் சோப்பு வாசம் மிச்சம் வைக்கும். தயிரும் சாறும் சேர்ந்த மாவுக்குப் பவுடரோடு கால் டீஸ்பூன் சோடா சேர்த்தால் தாராளம்.

நம் வீட்டுக் கைகளுக்கே உரிய தவறு ஒன்று உண்டு. உளுந்து மாவை அடித்து அடித்துப் பழகியவர்கள் நாம். அடித்தால் மெத்தென்று வரும் என்பது கையில் ஊறிப்போன பாடம். மைதாவிடம் அது பலிக்காது. ஈரம் பட்ட மைதாவைக் கலக்கக் கலக்க ரப்பர் போல இழுவை கூடும். பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும், மஃபினுக்கு வேண்டாம். உலர்ந்த பொருள்கள் தனி, ஈரமானவை தனி. இரண்டையும் சேர்த்தபின் அகப்பையால் அடியிலிருந்து புரட்டிப் புரட்டிப் பத்துப் பன்னிரண்டு முறை, அவ்வளவுதான். அங்கங்கே கட்டி தெரிந்தால் தெரியட்டும். சோடா சாற்றைத் தொட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும் என்பதால், கலந்த பிறகு அடுப்பைப் பற்ற வைக்கப் போகக் கூடாது. ஓடிஜியைக் கால் மணி நேரம் முன்பே சூடாக்கி வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் 200 டிகிரி, பிறகு 180-இல் கால் மணி நேரம். இடையில் கதவைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டாம்.

மசாலா விஷயத்தில் ஆசைதான் எதிரி. ஏலக்காய், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு என்று ஐந்தையும் போட்டால் ஆரஞ்சு ஓடி ஒளிந்துகொள்ளும், பிரியாணி வாசம்தான் வரும். இரண்டு போதும். என் ஓட்டு ஏலக்காய்க்கும் பட்டைக்கும். ஏலக்காயைத் தோல் நீக்கிச் சர்க்கரையோடு அன்றன்றைக்கு இடிப்பது நல்லது. போன தீபாவளிக்கு அரைத்த பொடியில் மணத்தைத் தேடாதீர்கள். கடையில் கிடைக்கும் தடித்த பட்டை காரமாக இருக்கும், அதைக் குறைத்துப் போடுங்கள். காகிதம் சுருட்டியது போல மெல்லிய அடுக்குகளாக இருக்கும் இலங்கைப் பட்டை சாது, ஆரஞ்சோடு சண்டை போடாது. கிராம்பு வேண்டும் என்றால் பன்னிரண்டு மஃபினுக்கு இரண்டே இரண்டு. மூன்றாவது சேர்ந்தால் பல்வலி மருந்து நினைவுக்கு வரும்.

வெந்ததும் டின்னிலேயே விட்டுவிட்டால் அடி வியர்த்து நனைந்துவிடும். ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கம்பித் தட்டில் ஆற வையுங்கள். சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் மேல்பக்கம் கையில் ஒட்டும். முழுவதும் ஆறி ஓர் இரவு கடந்தால் ஏலக்காயும் தோல் மணமும் நன்றாகக் கலந்திருக்கும். காலையில் குறுக்கே வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி தோசைக்கல்லில் ஒரு நிமிடம் வைத்து, காப்பியோடு சாப்பிடுங்கள்.