ஸ்டீயரிங் கோளாறு: ‘ரேக் போச்சு’ என்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

ஸ்டீயரிங் ஆடுகிறது, இழுக்கிறது என்று பட்டறைக்குப் போனால் பல இடங்களில் முதலில் காதில் விழுவது ‘ரேக் போச்சு சார்’. ரேக் என்பது ஸ்டீயரிங் தண்டின் சுழற்சியை இடவலமாக மாற்றிச் சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம். ஸ்டீயரிங் சாமான்களில் விலை கூடியவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் இதே அறிகுறிகளை டயரும் டை ராட் எண்டும் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) பேட்டரியும்கூடக் காட்டும். செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் காற்று. டயர் சூடாவதற்கு முன், கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் போட்ட அளவுக்கு நிரப்புங்கள். அப்படியும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள் (சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரில் இது கூடாது). இழுக்கும் பக்கம் மாறினால் குறை டயரில். மாறாவிட்டால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பாருங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் டிஸ்க்கைப் பிடித்து அழுத்தும் பிரேக் காலிப்பரைச் சந்தேகப்படலாம். மழைநீர் வடிய நம் சாலைகள் ஓரத்துக்குச் சரிந்திருப்பதால், வண்டி லேசாக இடப்பக்கம் நகர்வது குறையே அல்ல.

80–100 கி.மீ. வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடைச் சமன்) சரியில்லை. பிரேக் பிடிக்கும்போது நடுங்கினால் குறை பிரேக் டிஸ்க்கில்.

ஸ்டீயரிங் கனமாகிவிட்டதா? பழைய பொலேரோ, குவாலிஸ் போன்ற ஹைட்ராலிக் வண்டிகளில் ஆயில் மட்டத்தையும் பெல்ட்டையும் பாருங்கள். திருப்பும்போது ‘ஙொய்’ என்று முனகினால் ஆயில் குறைவு. ஆயில் நுரைத்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது. முழுதாக ஒடிக்கும்போது கிறீச்சிட்டால் பெல்ட் வழுக்குகிறது. இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலும் ஆயிலே கிடையாது, மின்மோட்டார்தான். டேஷ்போர்டில் ஸ்டீயரிங் விளக்கு எரிந்து கனமானால் பேட்டரி முனைகளையும் ஃபியூஸையும் பார்த்துவிட்டு, இன்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள்.

அடுத்தது பிளே, அதாவது ஸ்டீயரிங்கின் வெற்று ஆட்டம். இதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓட, சக்கரம் நேராக இருக்க, ஸ்டீயரிங்கை விரலால் இப்படியும் அப்படியும் அசையுங்கள். டயர் அசையாமல் ஸ்டீயரிங் விளிம்பு மட்டும் நகரும் தூரம் பல கார்களில் 30 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். உங்கள் காருக்கான அளவு மேனுவலில் இருக்கும். கூடுதலாக இருந்தால் இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து (கடிகாரத்தின் 9, 3) ஆட்டுங்கள். இன்னொருவர் டை ராட் எண்ட் மேல் விரல் வைத்தால், தேய்ந்திருந்தால் ‘டக்’ என்று தட்டுவது விரலிலேயே தெரியும். எண்ட் இறுக்கமாக இருந்து, ரேக்கின் முனையை மூடும் ரப்பர் உறைக்குள் (இதைத்தான் ‘பூட்’ என்பார்கள்) தட்டினால் உள் பக்க டை ராட். இதற்கும் முழு ரேக் வேண்டியதில்லை, அதை மட்டும் தனியாக மாற்றலாம். பிறகு மேலும் கீழுமாகப் (12, 6) பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள்: ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு).

சத்தத்தில் ஏமாந்துபோவது சகஜம். முழுதாக ஒடித்து ஓட்டும்போது ‘டிக் டிக்’ என்றால் அது ஆக்சிலின் வெளி ஜாயிண்ட். நின்ற இடத்தில் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டொங்’ என்றால் ஸ்ட்ரட் மவுண்ட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டை மேலே தாங்கும் பாகம்). மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகையில் கையில் தட்டுவது தெரிந்தால் ஸ்டீயரிங் தண்டின் கிராஸ் ஜாயிண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். திருப்பிய பின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராவிட்டால் இறுகிப்போன ஸ்ட்ரட் பேரிங்கோ பால் ஜாயிண்டோ காரணமாக இருக்கலாம்.

ரேக்கே கெட்டதா என்று அறிய, ஹைட்ராலிக் வண்டியில் அந்த ரப்பர் பூட் உறையை அழுத்திப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் ரேக் சீல் போய்விட்டது. பூட் கிழிந்து சேறு புகுந்த ரேக்கும் நாள்பட நாள்படத் தேயும். பூட் மட்டும் கிழிந்திருக்கும்போதே மாற்றிவிட்டால் சின்னச் செலவோடு முடியும்.

டை ராட் எண்ட் மாற்றினால் அன்றைக்கே அலைன்மென்ட் பார்க்க வேண்டும், இல்லையென்றால் புது டயர்கூட ஓரம் தேய்ந்துவிடும். பிளே திடீரெனக் கூடினாலோ, பாதி திருப்பத்தில் ஸ்டீயரிங் சிக்கினாலோ அதற்குமேல் ஓட்டாதீர்கள். வண்டியை ஏற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.